முதல் பேஸ் கிட்டார் வாங்கப் போகிறீர்களா? ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தொண்டி, மூக்கையூர் என்று நம் கடற்கரை ஊர்கள் எதை எடுத்தாலும், கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் கீபோர்டுக்கு ஆள் இருக்கும், ரிதம் பேட் தட்ட ஆள் இருக்கும், கனத்த கீழ்ச்சுரம் வாசிக்கிற பேஸுக்குத்தான் ஆள் இருக்காது. யாராவது ஒருத்தர் நான் கற்றுக்கொள்கிறேன் என்று முன்வந்தால் குழுவுக்கே சந்தோஷம். சிக்கல் அதற்கப்புறம்தான் தொடங்கும். எதை வாங்குவது, எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சாதாரண கிட்டார் வாசிக்கிறவர்கள் சொல்வதில் பாதி பேஸுக்குப் பொருந்தாது, சென்னையில் இருப்பவர்கள் சொல்வதில் பாதி உப்புக்காற்று அடிக்கிற நம் ஊருக்குப் பொருந்தாது. என் முதல் பேஸை வாங்கி அதை ஒழுங்காக வாசிக்கிற நிலைக்குக் கொண்டுவர மதுரைக்கும் ஊருக்குமாக அலைந்தது கொஞ்சமில்லை. அதன் பிறகு எங்கள் குழுவில் சேர்ந்த பையன்களுக்கு வாங்கிக் கொடுக்கப் போனபோதும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது தெரிந்துகொண்டேன். அதையெல்லாம் வரிசையாக எழுதிவைக்கிறேன்.

1. காசை முதலில் பிரித்து வையுங்கள்

கையில் இருக்கிற பணம் முழுவதையும் கிட்டாருக்கே கொடுத்துவிடாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிட்டாருக்கு, மீதி ஒரு பங்கு மற்றதற்கு. மற்றது என்றால் நல்ல கேபிள், அகலமான ஸ்ட்ராப், மழைக்குத் தாங்கும் பை, ஒரு செட் புதுக் கம்பி, கம்பி உயரமும் நெக் வளைவும் சரிசெய்து தருகிற செட்டப் கூலி, காதில் கேட்டுப் பழக ஒரு ஹெட்போன் ஆம்ப்.

30,000 ரூபாய் இருக்கிறது என்று வையுங்கள். 20,000-ஐ ஒட்டிக் கிட்டார். பேஸ் கம்பி ஒரு செட் சாதாரண கிட்டார் கம்பி மாதிரி முந்நூறு நானூறுக்கு வராது, பெயர் சொல்லும்படியான செட் என்றால் 2,000-ஐ ஒட்டி வரும். கேபிள் 500 முதல் 1,000 வரை. செட்டப் கூலி கடைக்குக் கடை மாறும், 1,000 முதல் 1,500 வரை ஒதுக்கிவையுங்கள். ஹெட்போன் ஆம்ப் 2,000-லிருந்து தொடங்குகிறது. டியூனருக்குக் காசு வேண்டாம், போனில் இலவச ஆப் போதும். தாளம் தட்டிக் காட்டுகிற மெட்ரோனோமும் அப்படித்தான்.

15,000-தான் மொத்தமே என்றால் புதுசை விட்டுவிட்டு செகண்ட் ஹாண்ட் பக்கம் போங்கள், அதைக் கீழே சொல்கிறேன். எட்டாயிரத்துக்குக் கிட்டார், ஆம்ப், பை, கேபிள், புத்தகம் எல்லாம் சேர்ந்த காம்போ என்று வருவதைத் தொடாதீர்கள். அந்த ஆம்ப் பேஸுக்கு உதவாது, அந்தக் கேபிள் மாதக்கணக்கில்கூடத் தாங்காது, கடைசியில் எல்லாவற்றையும் தனியாக வாங்க வேண்டிவரும்.

2. எந்த வகை என்பதை முடிவு செய்யுங்கள்

நான்கு கம்பி. ஐந்து கம்பி வேண்டாம். கடைக்காரர் "தம்பி, கூட ஒரு ரெண்டாயிரம் போட்டா அஞ்சு கம்பி வாங்கிடலாம், நாளைக்கு உதவும்" என்பார். விலை குறைந்த ஐந்து கம்பியில் அந்தக் கடைசி பி கம்பி தொளதொளவென்று கிடக்கும், சுருதி தெளிவாகவே கேட்காது. தடிமனான கம்பி, அதற்கேற்ற உறுதியான நெக் (விரல் வைத்து அழுத்தும் நீண்ட கழுத்துப் பகுதி) எல்லாம் விலை கூடிய கிட்டாரில்தான் வரும். பாடகர் குழுப் பாடல்களுக்கும் மெல்லிசைக் கச்சேரிக்கும் இ, ஏ, டி, ஜி என்ற நான்கு கம்பியில் எல்லாமே வாசித்துவிடலாம்.

பாசிவ் வாங்குங்கள். அதாவது உள்ளே பேட்டரி போடாத வகை. ஆக்டிவ் கிட்டாரில் 9 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும், கேபிள் குத்தியே இருந்தால் வாசிக்காவிட்டாலும் அது தீர்ந்துகொண்டே இருக்கும். பல ராத்திரி கேபிளைப் பிடுங்காமல் விட்டுவிட்டால் ஏதோ ஒரு ஞாயிறு காலைப் பூசையில் சத்தம் கரகரவென்று வரும், அந்த நேரத்தில் நம் ஊரில் 9 வோல்ட் பேட்டரிக்கு எங்கே போவது? போதாததற்கு பேட்டரி முனைகளில் உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும்.

கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்புவது பிக்கப். அதில் இரண்டாகப் பிளந்து மேலும் கீழுமாக வைத்தது மாதிரி இருப்பது ஸ்பிளிட் காயில், பி வகை என்பார்கள். அது இரைச்சல் குறைவாகத் தரும். எர்த் சரியில்லாத இடத்தில் வாசிக்கிறவர்களுக்கு இது பெரிய வரம். அதோடு, கம்பியின் கீழ்முனை மாட்டியிருக்கும் பிரிட்ஜ் பக்கம் ஒல்லியாக ஒரு ஜே பிக்கப்பும் சேர்ந்து வரும் பி-ஜே வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

நீளம். சாதாரண பேஸ் 34 அங்குல ஸ்கேல். அதாவது தலைப்பக்கம் நட்டிலிருந்து கீழே பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடில் வரை. பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளைகள், கை சின்னதாக இருப்பவர்கள் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பார்க்கலாம். கடையில் உட்கார்ந்து முதல் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுதான் ஃப்ரெட்) சுண்டுவிரல் வரை விரித்துப் பாருங்கள், மணிக்கட்டு வலித்தால் அது உங்களுக்கு நீளம். இடக்கைக்காரர்களுக்கு மாடல்கள் ரொம்பக் குறைவு, ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டிவரும்.

மர வகையைப் பற்றி யாராவது அரைமணி நேரம் பேசினால் மரியாதைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த விலையில் அதைப் பார்த்து முடிவெடுக்க ஒன்றுமில்லை.

3. எந்த விலைக்கு என்ன கிடைக்கும்

விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, அதனால் தோராயமாகச் சொல்கிறேன், வாங்கும் அன்று இரண்டு இடத்தில் விசாரியுங்கள்.

10,000-ஐ ஒட்டி: ஆன்லைன் கடைகள் தங்கள் பெயரிலேயே விற்கும் வகைகள். ஒன்று நன்றாக வரும், அடுத்தது ஃப்ரெட் சரியில்லாமல் வரும். கையில் எடுத்துப் பார்த்து வாங்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள், பார்க்காமல் வரவழைக்காதீர்கள்.

20,000-லிருந்து 25,000 வரை: இங்கேதான் தைரியமாகக் கைவைக்கலாம். யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, ஐபனெஸ் ஜிஎஸ்ஆர் 180 இரண்டுமே பாசிவ், பி-ஜே பிக்கப். கோர்ட் ஆக்‌ஷன் வரிசையிலும் பி-ஜே மாடல் இருக்கிறது. ஸ்கொயர் கம்பெனியின் பிராங்கோ 30 அங்குல ஸ்கேல். ஐபனெஸ் மிக்ரோ அதைவிடக் குட்டை, 28.6 அங்குலம், சின்னப் பிள்ளைகளுக்கு. ஐபனெஸில் ஜிஎஸ்ஆர் 200 என்று பார்த்தால் அதில் பேட்டரி உண்டு, 180-க்கும் 200-க்கும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

என்னைக் கேட்டால் யமஹா. சத்தம் மற்றவற்றைவிட உயர்ந்தது என்பதற்காகச் சொல்லவில்லை, ஒன்றுக்கொன்று தரம் மாறாமல் வருவதாலும், பிற்பாடு விற்கப் போனால் யாரும் யோசிக்காமல் வாங்குவதாலும் சொல்கிறேன்.

4. எங்கே வாங்குவது

நேரில் கடைக்குப் போவதுதான் என் முதல் யோசனை. ராமநாதபுரம் டவுனில் இசைக்கருவி விற்றாலும் பேஸில் நாலைந்து மாடல் வைத்து எடுத்துக் காட்டுகிற அளவுக்கு எதிர்பார்க்க முடியாது. மதுரைதான் பக்கம். ராமநாதபுரத்திலிருந்து சுமார் 115 கிலோமீட்டர், ராமேஸ்வரத்திலிருந்து 170 கிலோமீட்டருக்கு மேல், காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். போவதற்கு முதல் நாளே போன் போட்டு, எந்த மாடல் இருக்கிறது, ஆம்பில் குத்தி வாசித்துப் பார்க்க விடுவார்களா, செட்டப் செய்யும் ஆள் அன்றைக்கு இருப்பாரா, இந்த மூன்றையும் கேளுங்கள். இதைக் கேட்காமல் போய், "மாஸ்டர் இன்னைக்கு லீவு" என்ற பதிலோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும். சென்னைக்கு எப்படியும் போகிற வேலை இருந்தால் அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் மாதிரி பெரிய கடைகளில் நாலைந்து மாடலை வரிசையாக எடுத்துப் பார்க்கலாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் டிக்கியில் போடாதீர்கள், மேல் கேரியரில் சூடு வேறு. ரயிலில் மேல் பெர்த்தில் படுக்கவைத்துக் கொண்டுவருவது நல்லது. எப்படி வந்தாலும் கம்பியை ஒரு சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் என்றால், ஆர்டர் போடும் முன் உங்கள் பின்கோடைப் போட்டுப் பாருங்கள். நாலடி நீளப் பெட்டி என்பதால் தீவுப் பக்கம் வீடுவரை கொண்டுவராத கூரியர்கள் உண்டு, ராமநாதபுரம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று போன் வரும். திருப்பி அனுப்புவதாக இருந்தால் அந்தப் பெட்டியை யார் வந்து எடுப்பார்கள் என்பதையும் வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். பெட்டி வந்ததும் பிரிப்பதை முதலிலிருந்து கடைசிவரை, ஸ்டிக்கர் தெரிய, நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். தலைப்பக்கம் விரிசல் இருந்தால் அந்த வீடியோதான் பேசும்.

செகண்ட் ஹாண்ட்: மதுரை, ராமநாதபுரம் ஆர்கெஸ்ட்ராக்காரர்களிடம் சொல்லிவைத்தால் நல்ல பொருள் வரும், நல்லதை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் அவர்கள். பங்குத்தந்தையிடமும் கேளுங்கள், பழைய பாடகர் குழுவின் பேஸ் ஒன்று கோயில் ஸ்டோர் ரூமில் கிடப்பது உண்டு. இணையத்தில் பார்த்து வாங்கினால் ஒரே சட்டம், நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், கூரியர் காசு மட்டும் ஜிபே பண்ணுங்கள், பொருள் நாளைக்கு வரும் என்று அடையாள அட்டைப் படத்தோடு வருகிற பேச்சு நூற்றுக்கு நூறு ஏமாற்று.

கீழக்கரை, தொண்டிப் பக்கம் பலருக்கு மாமா, மச்சான் யாராவது துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், வரும்போது வாங்கிவரச் சொல்லலாமா என்று கேட்பார்கள். அங்கே வாங்கியதற்கு இங்கே பெரும்பாலும் வாரண்டி கிடைக்காது, விமானத்தில் லக்கேஜாகப் போட்டு நெக் அடிபட்டால் கேட்க நாதியில்லை, பில் இல்லாமல் வந்தால் சுங்கத்தில் வேறு பேச வேண்டும். விலை ரொம்பக் குறைந்தால் ஒழிய வேண்டாம்.

5. கையில் எடுத்துச் சோதிப்பது

வாசிக்கவே தெரியாதே, எப்படிச் சோதிப்பது என்று தயங்காதீர்கள். கீழே சொல்வதற்கு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. பொறுமை போதும், கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நெக். ஆப்பில் பார்த்துச் சரியாக டியூன் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் தடித்த இ கம்பியை முதல் ஃப்ரெட்டில் இடக்கை விரலாலும், நெக் உடம்போடு சேருகிற இடத்து ஃப்ரெட்டில் வலக்கைக் கட்டைவிரலாலும் அழுத்திப் பிடியுங்கள். இப்போது நடுவில், ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இருந்தால் சரி. நான்கைந்து கார்டு போகிற அளவு இருந்தால் நெக் வளைந்திருக்கிறது, கம்பி ஃப்ரெட்டில் ஒட்டியே கிடந்தால் பின்பக்கம் வளைந்திருக்கிறது. இரண்டையுமே நெக்குக்குள் இருக்கிற டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைத் திருப்பிச் சரிசெய்யலாம். அங்கேயே, உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். திருப்பியும் அசையவில்லை என்றால் அந்தக் கிட்டாரை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். எவ்வளவு விலை குறைத்தாலும் சரி.

இரண்டாவது, ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக மேலிருந்து கீழ்வரை அழுத்தி மீட்டுங்கள். நான்கு கம்பி, இருபது சொச்சம் ஃப்ரெட், பத்து நிமிஷம் ஆகும். எங்காவது சத்தம் சட்டென்று செத்தாலோ, அடுத்த ஃப்ரெட்டின் சுரமே வந்தாலோ அந்த ஃப்ரெட் ஏற்ற இறக்கமாக இருக்கிறது. நெக்கின் ஓரமாக உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள், ஃப்ரெட் முனை கையைக் கீறக் கூடாது.

மூன்றாவது, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால், திறந்த கம்பியின் அதே எழுத்தைத்தான் டியூனர் காட்ட வேண்டும். முள் கொஞ்சம் தள்ளி நின்றால் சேடிலை முன்பின் நகர்த்திச் சரிசெய்யலாம். இங்கே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உயரம் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் புதுக்கைக்கு வசதி. நாலு மில்லிமீட்டர் என்றால் விரல் கொப்பளித்து ஆசையே போய்விடும்.

நான்காவது, ஆம்பில் குத்தி, கிட்டாரில் சத்தம் கூட்டிக் குறைக்கிற எல்லாத் திருகுகளையும் திருப்புங்கள். கரகரப்பு வந்தால் உள்ளே தூசியோ துருவோ. கேபிள் குத்திய இடத்தை லேசாக ஆட்டினால் சத்தம் அறுபடக் கூடாது.

செகண்ட் ஹாண்டில் கூடுதலாக ஒன்று, இது நம் கடற்கரைக்கே உரியது. சேடில் ஒவ்வொன்றிலும் மிளகைவிடச் சின்னதாக இரண்டு திருகாணி நிற்கும், கம்பியின் உயரத்தை ஏற்றி இறக்குவது அதுதான். வீட்டிலிருந்தே சின்ன ஆலன் கீ செட் ஒன்றைக் கொண்டுபோய் எட்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். மேலே பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்கள், உள்ளே துருப்பிடித்து இறுகிப்போய் இருக்கும், பலமாகத் திருப்பினால் அறுகோணக் குழி வழுக்கி வட்டமாகிவிடும். அதற்கப்புறம் பிரிட்ஜையே மாற்ற வேண்டும். எட்டும் சுழன்றால் அந்தக் கிட்டாரை யாரோ அக்கறையாக வைத்திருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

6. என்னென்ன காகிதம் வாங்க வேண்டும்

ஜிஎஸ்டி பில், அதில் மாடல் பெயரும் தலைப்பக்கத்தின் பின்னால் இருக்கும் சீரியல் நம்பரும் எழுதியிருக்க வேண்டும். கடையில் "பில் வேண்டாம்னா ஆயிரம் குறைச்சுக்கலாம்" என்று சொன்னார்கள் ஒரு இடத்தில், பில் இல்லாமல் வாரண்டிக்குப் போய் நிற்க முடியாது, சம்மதிக்காதீர்கள். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வேண்டும். சொன்ன விலை வரி சேர்த்தா சேர்க்காமலா என்பதை முதலிலேயே கேளுங்கள்.

செகண்ட் ஹாண்ட் என்றால் பழைய பில்லைக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத்தாளில் விற்பவர் பெயர், போன் நம்பர், சீரியல் நம்பர், தொகை, தேதி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தை யுபிஐ-யில் கொடுத்தால் அதுவே ஒரு சாட்சி. தவணையில் எடுக்கிறவர்கள் வட்டியில்லாத் தவணை என்ற பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடும் முன் பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, ரொக்கத் தள்ளுபடி போய்விடுகிறதா என்று கூட்டிப் பாருங்கள். தவணைக்கு ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள், அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

7. ஆம்ப் வேண்டுமா? கரண்ட் எப்படி?

திறந்த இ கம்பியின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ் சொச்சம். போன் ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது, சின்ன கிட்டார் ஆம்பில் போட்டு சத்தம் ஏற்றினால் ஸ்பீக்கர் கோன் கிழிய வாய்ப்பு உண்டு. முதல் ஆறு மாதம் ஹெட்போன் ஆம்ப் போதும். வயர் உள்ள ஹெட்போன்தான், புளூடூத்தில் தாமதம் இருக்கும், தாளத்தோடு சேராது. கோயிலில் வாசிக்க பெரும்பாலும் மிக்ஸரிலேயே குத்திவிடலாம், ஆனால் பாசிவ் பேஸுக்கு நடுவில் டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் மெலிந்து மந்தமாக வரும். மைக்செட்காரரிடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். இருந்தால் ஆம்ப் காசு மிச்சம்.

கரண்ட் விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது என்றால் இயல்பு. தொட்டால் சுர்ரென்று இழுத்தாலோ, கம்பியில் கை இருக்கும்போது மைக்கில் உதடு பட்டு ஷாக் அடித்தாலோ அங்கே எர்த் இல்லை, அல்லது தப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். உடனே கேபிளைப் பிடுங்குங்கள், எலக்ட்ரீஷியனைப் பார்க்கவையுங்கள். திருவிழாப் பந்தலில் ஈர மணலில் வெறுங்காலோடு நின்று வாசிக்கவே வாசிக்காதீர்கள்.

8. எப்போது வாங்குவது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகை நம்பி இருக்கிற வீட்டில் அந்த நேரத்தில் புதுத் தவணை எடுக்காதீர்கள், முதல் இரண்டு தவணையே இடறும். ஆனால் செகண்ட் ஹாண்ட் தேடுகிறவர்கள் அப்போது விசாரிக்கலாம், கற்றுக்கொள்ள நேரமும் இருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு மேடையேற வேண்டும் என்றால் டிசம்பரில் வாங்கிப் பயனில்லை. விரல் தோல் தடிக்கவே மூன்று நான்கு வாரம் ஆகும், நாலு பாட்டுக்கு ரூட் நோட்டாவது (ஒவ்வொரு கார்டின் அடிச்சுரம்) தடுமாறாமல் வாசிக்க மூன்று மாதம் வேண்டும். ஆகஸ்டில் பணத்தைத் தயார் செய்து செப்டம்பரில் வாங்குங்கள். வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழா ஜூலை 25, அதற்கு வாசிக்க நினைக்கிறவர்கள் ஏப்ரல் தொடக்கத்துக்குள் வாங்கியிருக்க வேண்டும். தீபாவளி சமயத்தில் ஆன்லைனில் விலை குறையும்தான், ஆனால் வடகிழக்குப் பருவமழையில் பெட்டி நனைந்து வருவதும் அப்போதுதான்.

9. வாங்கி வந்த பிறகு

நம் வீட்டு ஜன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது என்று தெரியும் இல்லையா, கிட்டாரில் கம்பி, பிரிட்ஜ், ஃப்ரெட் என்று எல்லாமே உலோகம். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் பிடித்து உருவித் துடையுங்கள். இரண்டு நிமிஷ வேலை, இரண்டாயிரம் ரூபாய்க் கம்பி பல மாதம் கூட வரும். கடலைப் பார்த்த சுவரில் ஆணி அடித்து மாட்டாதீர்கள். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஐந்தாறு போட்டு ஜிப்பை மூடிவையுங்கள், நிறம் மாறும் வகை வாங்கினால் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம். சேடில் திருகாணிகளில் மாதம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அதுவும் ஊசி முனையால், மரத்தில் படாமல்.

கம்பி மாற்றும்போது கோட்டிங் செய்த கம்பி வாங்கலாமா என்று கேட்பார்கள். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆனால் கரையோரம் இருப்பவர்களுக்கு அது தகும். முதல் கம்பி மாற்றத்தைக் கடையில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். தடிமன் 45-105 அல்லது 45-100 என்று அட்டையில் இருக்கும், கடைசியாக என்ன போட்டீர்களோ அதையே போடுங்கள், மாற்றினால் நெக்கின் வளைவும் மாறும்.

வாங்கி ஒரு மாதம் கழித்து, அப்புறம் ஐப்பசி மழை பிடித்ததும் ஒருமுறை, அந்த விசிட்டிங் கார்டு சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஈரத்தில் மரம் உப்பும், நெக் அசையும். டிரஸ் ராடை நீங்களே திருப்புவதாக இருந்தால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள், திருப்பிவிட்டு ஒரு நாள் விட்டு, மறுபடி டியூன் செய்து பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் அடுத்த கால் சுற்று.